கண்ணாடிக்காரர் குடியிருந்த வீடு

என் வீட்டைப் பார்க்க நானே பஸ் ஏறிப் போன கதை இது. காலையில் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போனேன். கல்லூரியிலிருந்து ஊரெல்லாம் சுற்றினேன். சாயங்காலம் என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதைக் கல்லூரிச் செலவில் செய்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் வருட இலக்கிய மாணவிகளுக்கு ஒரு நாள் சுற்றுலா உண்டு. அழைத்துப் போவது எங்கள் பேராசிரியை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அடிக்குறிப்பு. எதைச் சொன்னாலும் அதற்குக் கீழே இன்னொன்று சொல்லாமல் விடமாட்டார். ‘மழை வருது’ என்றால்கூட, இதைவிடப் பெரிய மழை எப்போது வந்தது, அதை யார் எழுதினார் என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். கேலி செய்வோமே தவிர, அவர் வகுப்புக்கு யாரும் மட்டம் போட மாட்டோம். சும்மா ஒரு டிகிரி வாங்கிவிட்டுப் போகலாம் என்று வந்த நான் இலக்கியத்தில் ஒட்டிக்கொண்டதே அவரால்தான்.

அவருக்கு ஒரே ஒரு எழுத்தாளர்மேல் உயிர். எங்கள் ஊரில் வாழ்ந்து எங்கள் ஊரிலேயே செத்துப்போனவர். கிடைத்திருக்கும் ஒரே புகைப்படத்தில் முகத்தைவிடக் கண்ணாடி பெரிதாக இருப்பதால் எங்களுக்கு அவர் கண்ணாடிக்காரர். அவர் தன்னுடைய பெரிய நாவலை எழுதியது ஒரு வாடகை வீட்டின் முன்னறையில். அந்த வீட்டில் இப்போது வாடகைக்கு இருப்பது நாங்கள்.

இதைக் கல்லூரியில் ஒருத்திக்கும் நான் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்த அன்றைக்கே அடைத்துவிட்டார் மேடம். முதல் வருடத்தின் முதல் வாரம். “அந்த வீட்டுல இப்ப யார் யாரோ இருக்காங்க. அவர் எழுதின அறையில ஈரத்துணி தொங்குது. தெருவுல நின்னு பார்த்துட்டு அழுதுட்டே வந்தேன்” என்றார். பெருமையாகத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன். ஈரத்துணி என் தம்பியின் பள்ளிக்கூட டவுசர். மழைக்காலத்தில் அதை வேறு எங்கே காயப்போடுவது? அழுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? அன்றிலிருந்து மேடத்தின்மேல் எனக்குப் பிரியமும் உண்டு, கோபமும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று குறைத்ததே இல்லை.

சுற்றுலாவில் அவர் வைத்திருக்கும் வழக்கம் ஒன்று உண்டு. எந்த இடத்தைப் பற்றி எழுதப்பட்டதோ, அந்த இடத்தில் நின்று அந்தப் பகுதியை ஒரு மாணவி உரக்க வாசிக்க வேண்டும். முதலில் போனது கண்ணாடிக்காரர் வாத்தியாராக இருந்து வேலை போன பள்ளிக்கூடம். இப்போது அது டயர் கிடங்கு. பள்ளிக்கூட மணியைப் பற்றி அவர் எழுதியதை ரப்பர் நாற்றத்துக்கு நடுவே நின்று ஒருத்தி வாசித்தாள். அடுத்தது நாவல் அச்சான அச்சகம். அது ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. கடைக்காரர் நல்ல மனுஷர், வாசித்து முடிக்கிறவரை மெஷினை நிறுத்தி வைத்தார். வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

அங்கிருந்து கல்லறைக்குப் போகும் வழியில்தான் குண்டைப் போட்டார். பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“கடைசியா ஒரு இடம் சேர்த்திருக்கேன். அவர் குடியிருந்த வீடு. வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டுல இருக்கார், அவர்கிட்ட பேசிட்டேன். பண்பாட்டுத் துறை அதிகாரி நேரா அங்கயே வந்துடுவார். பார்த்துட்டுச் சரின்னு சொன்னா, அரசாங்கம் வீட்டை வாங்கி நினைவில்லம் ஆக்கிடும். விக்கிறதுக்குச் சொந்தக்காரர் தயாரா இருக்கார். உங்க வயசு அளவுக்கு நான் இதுக்கு அலைஞ்சிருக்கேன்.”

பஸ்ஸே கை தட்டியது. என் பக்கத்தில் இருந்தவள் விசிலே அடித்தாள். அவளுக்கு வானொலி என்று பெயர். அவள் காதில் விழுந்தது ஊர் காதில் விழுந்த மாதிரி.

“அங்க யார் வாசிக்கிறா?” என்று கேட்ட மேடம், தானே என்னைக் கை காட்டினார். “நீ வாசி. உனக்குத்தான் அவர் நாக்குல படிஞ்சிருக்கார்.”

நான் கை தட்டவில்லை. நினைவில்லத்தில் யாரும் குடியிருக்க முடியாது. அப்படியென்றால் நாங்கள் எங்கே போவது? அம்மா பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கிறாள். முன்னறை முழுக்க அவள் ராஜ்யம்தான். அப்பாவின் மெக்கானிக் பட்டறை அடுத்த தெரு. தம்பியின் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். எங்களால் கொடுக்க முடிகிற வாடகைக்குத் தையல் மெஷின் போட இடமுள்ள வீடு இந்த ஊரில் வேறு கிடையாது. தேடிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எழுந்து நின்று ‘மேடம், அது எங்க வீடு’ என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அத்தனை சந்தோஷமாக அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் புத்தி வேலை செய்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு மூலையில் வெட்டிய துணி, இன்னொரு மூலையில் காலர், நடுவே மெஷின், தரையெல்லாம் நூலும் பொத்தானும். அதிகாரி எட்டிப் பார்ப்பார், ‘இதுல எழுத்தாளர் எங்கங்க இருக்கார்?’ என்று கேட்பார், போய்விடுவார். மேடத்துக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் அந்த வருத்தத்துக்குக் காரணம் நானாக இருக்க மாட்டேன். வீடு இருக்கிறபடி இருந்தால் போதும்.

கண்ணாடிக்காரர் கல்லறைமேல் யார் யாரோ வைத்துவிட்டுப் போன பேனாக்கள் மழையில் ஊறிக் கிடந்தன. எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் சுவருக்குப் பின்னால் போய் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அம்மா, காலேஜ்ல இருந்து நம்ம வீட்டுக்கு வர்றோம்.”

“இப்பதான் வீட்டுக்காரர் போன் பண்ணினாரு. யாரோ படிக்கிற பொண்ணுங்க பார்க்க வர்றாங்கன்னாரு. நீங்கதானா அது? உங்க மேடமும் வர்றாங்களா? அய்யய்யோ, வீடு கிடக்கிற கிடப்புல...”

“அப்படியே கிடக்கட்டும். நீ ஒண்ணும் பண்ணாத. ஒரு துணியைக்கூட எடுத்து வைக்காத.”

“அது எப்படிடி...”

“சொன்னா கேளும்மா. அப்புறம், நான் உன் பொண்ணுன்னு காட்டிக்காத. ஏன்னு அப்புறம் சொல்றேன்.”

தெரிந்தால் மேடம் என் முகத்தைப் பார்ப்பார், பார்த்தால் நான் உளறிவிடுவேன் என்ற பயம் எனக்கு. அம்மா ஏதோ கேட்க வருவதற்குள் வானொலி வந்துவிட்டாள். போனை வைத்துவிட்டேன்.

தெருவுக்குள் பஸ் திரும்பாது. முனையில் இறங்கி நடந்தோம். நான் தினமும் நடக்கிற தெருவில், வழி தெரியாதவள் மாதிரி எல்லோருக்கும் பின்னால் நடந்தேன். அதிகாரி முன்னாலேயே வந்து வாசலில் கேமராவோடு நின்றிருந்தார். கதவு திறந்தது. வெளியே போகும்போது மட்டும் உடுத்துகிற துணியில், தலையைப் படிய வாரிக்கொண்டு அம்மா நின்றாள்.

“வாங்க, வாங்க. எல்லாரும் உள்ள வாங்க.” அவள் கண் என்மேல் பட்டு, அப்படியே தாண்டிப் போனது. “நீங்களும் வாங்கம்மா.”

என் அம்மா வாயிலிருந்து எனக்கு ‘வாங்க’ கிடைத்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்தது. உள்ளே போனதும் அது நின்றுவிட்டது.

முன்னறை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மெஷின் இல்லை, துணி இல்லை, ஒரு நூல்கூட இல்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி. இடது பக்கம் மை பாட்டில், ஒரு பேனா. தெருவை வேடிக்கை பார்க்காமல் இருக்கப் பக்கச் சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலி. மேசைக்கு அடியில் ஒரு செங்கல். கண்ணாடிக்காரர் குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாமல் செங்கல்மேல் வைத்துக்கொள்வார். இடது கையால் எழுதுவார். எல்லாம் தன் கதையாகவே அவர் எழுதிய அந்த நாவலில் வருகிறது. அம்மா நாவலைப் படித்ததில்லை. அவள் தைக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை.

எனக்குத்தான் புத்தி இல்லை. விருந்தாளி ‘ஒண்ணும் வேண்டாம்’ என்றால் அடுப்பைப் பற்ற வைக்கிற ஜாதி நாங்கள். ‘சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போயிடறோம்’ என்றால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம். அப்படிப்பட்டவளிடம் போய் ‘ஒரு துணியைக்கூட எடுத்து வைக்காதே’ என்று அழுத்திச் சொன்னேன். நான் அழுத்தின அளவுக்கு வருகிறவர் பெரிய ஆள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மெஷினைப் படுக்கையறைக்கு இழுத்துப் போட்டு, மகளின் மேடத்துக்காக அந்த அறையையே நாவலில் இருக்கிறபடி செய்துவிட்டாள். எங்களை வீட்டைவிட்டுத் துரத்துகிற வேலையைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

மேடம் செங்கல்லைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ன மேடம் இது!” என்றார் அதிகாரி. “இவ்வளவு அருமையா வச்சிருக்காங்க. மனுஷன் இப்பதான் எழுந்து போன மாதிரி இருக்கு. நான் என்னமோ குப்பையா கிடக்கும்னு நினைச்சேன்.”

அம்மாவுக்குக் காது வரை சிரிப்பு. “இருங்க, டீ கொண்டு வரேன்” என்று சமையலறைக்கு ஓடினாள்.

அவள் போனதும் அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “காலி பண்ண நோட்டீஸ் குடுத்துட்டா முடிஞ்சுது. வாடகைக்கு இருக்கறவங்கதானே, பிரச்சினை இருக்காது.” படம் எடுக்க வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று ஜன்னல் கதவைச் சாத்தப் பார்த்தார். கதவு வந்ததே தவிர, கொக்கி விழவில்லை. இழுத்தார், தள்ளினார், விட்டுவிட்டார்.

“முதல்ல வாசிச்சுடலாம்” என்றார் மேடம். குரல் கரகரத்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

புத்தகத்தைத் திறந்துகொண்டு மேசை பக்கத்தில் நின்றேன். இதெல்லாம் வேஷம், மேசை எங்களுடையது என்று சொன்னால் ஒருவேளை வீடு தப்பும். ஆனால் இத்தனை பேர் முன்னால் என் அம்மா ஏமாற்றுக்காரி ஆவாள். சொல்லாவிட்டால் வீடு போகும். எதைச் செய்வது என்று தெரியாமல், செய்யச் சொன்னதைச் செய்தேன். வாசித்தேன்.

‘இந்த ஜன்னல் என்னுடையது இல்லை. ஆனாலும் காலையில் வெளிச்சம் வந்து மேசைமேல் உட்காரும்போது, யாரிடம் கேட்டுக்கொண்டு வந்தாய் என்று அதை யாரும் விசாரிப்பதில்லை. நாளைக்கு இங்கே வேறு ஒருவர் இருப்பார். அவர் இங்கே உட்கார்ந்து காய் நறுக்குவாரோ, பிள்ளைக்குத் தலை வாருவாரோ, அதற்கும் இதே வெளிச்சம் வரும். அவர்மேல் எனக்கு இப்போதே பொறாமையாக இருக்கிறது.’

நடுவில் காற்று அடித்து ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கை தானாகப் போனது. கதவைக் கொஞ்சம் தூக்கி, கீழே உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, கொக்கியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அட! நான் எவ்வளவு நேரம் போராடினேன்” என்றார் அதிகாரி.

“உனக்கு எப்படிடி தெரியும்?” என்றாள் வானொலி.

மேடம் ஜன்னல் கொக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “இது உங்க வீடா?”

“ஆமா மேடம்.”

“இந்த மேசை?”

“அம்மா துணி வெட்டற மேசை. மை பாட்டில் என் தம்பியோடது. செங்கல் கொல்லைப்புறத்துல கிடந்தது. ஏமாத்தணும்னு செய்யல மேடம். அவங்க தைக்கும்போது நான் நாவலை வாசிப்பேன். கேட்டுக் கேட்டு மனசுல பதிஞ்சிருக்கு. நீங்க வர்றீங்கன்னு ஆசையா எடுத்து வச்சிருக்காங்க. வீடு போயிடும்னு அவங்களுக்குத் தெரியாது.”

“ஜன்னல்?”

பொய் சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்காரர் விஷயத்தில் மேடத்திடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. “ஜன்னல் அவரோடதுதான் மேடம்.”

அதிகாரி நிம்மதியாகச் சிரித்தார். “அப்புறம் என்ன? அறை அதே அறை, ஜன்னல் அதே ஜன்னல். சாமானெல்லாம் நாமளே செஞ்சு வச்சுக்கலாம். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க, நான் மேல அனுப்பிடறேன்.”

அந்த ஒரு வார்த்தையில் எங்கள் குடித்தனம் மொத்தமும் இருந்தது. மேடம் மேசைத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். அடியில் பலகை முழுக்க அம்மாவின் கத்தரிக்கோல் போட்ட கீறல்கள். அவற்றை விரலால் தடவினார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. என்னை நினைத்தும் பாவமாக இருந்தது.

அப்போதுதான் அம்மா தட்டு நிறைய டீயோடு வந்தாள். பாவம், டம்ளர் சத்தத்தில் எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை; இங்கே நாடகம் முடிந்துவிட்டது தெரியாது.

“எல்லாரும் எடுத்துக்கோங்க. டீச்சரம்மா, நீங்க வாசப் பக்கம் உக்காருங்க, காத்து வரும்.” பிறகு என் பக்கம் திரும்பி, முன்பின் பார்த்திராத ஒருத்தியைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். “இப்ப வாசிச்சது இந்தப் பொண்ணுதானே? உள்ள இருந்து கேட்டேன். யாரு பெத்த பொண்ணோ, என்ன அழகா வாசிக்குது!”

பிறந்ததிலிருந்து வாயை மூடாத வானொலி, டீ டம்ளரின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒன்றுக்காக அவளுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேடம் டீயை எடுத்துக்கொண்டார். “ஆமாம்மா, நல்ல பொண்ணு” என்றார். “அவங்க அம்மா நல்லா வளர்த்திருக்காங்க.”

அம்மாவின் முகம் சிவந்துபோனது. “அதெல்லாம் நீங்க சொல்லிக் குடுக்கறதுதான்” என்று சொல்லிவிட்டு, பாதிப் பேருக்கு டீ கொடுக்காமலே தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

மேடம் அவசரப்படாமல் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரை மேசையின் ஓரத்தில் வைத்தார்.

“வேண்டாம் சார். விட்டுடுங்க.”

“என்ன மேடம் சொல்றீங்க? இந்த வருஷம் விட்டா அப்புறம் இந்தத் திட்டமே கிடையாது. நீங்கதானே மனு மேல மனு போட்டீங்க?”

“நான்தான் போட்டேன். நானே வேண்டாங்கறேன். ஆள் குடியிருக்காங்க சார்.” குரல் உடைந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். படித்தவர்களோடு வேலை செய்தால் இப்படித்தான் என்பதுபோல் கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மாணவிகள் ஒவ்வொருத்தியாக வெளியே போனார்கள். போகும்போது ஒருத்தி என் கையை அழுத்திவிட்டுப் போனாள். நான் பஸ் ஏறத் தேவையில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாசலில் நின்றேன். மேடம் கடைசியாக வந்தார்.

“பஸ்லயே ஏன் சொல்லல?”

“சொன்னாலும் திட்டத்தை விடமாட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன் மேடம்.”

‘சேச்சே, அப்படிச் சொல்வேனா’ என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை.

“ஆமா. பஸ்ல சொல்லியிருந்தா விடமாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார். “வேற வீடு பார்த்துத் தரேன்னு உனக்குச் சமாதானம் சொல்லியிருப்பேன். பெரிய காரியத்துக்குச் சின்னக் கஷ்டம்னு சொல்லியிருப்பேன். நல்ல மனசோடதான் சொல்லியிருப்பேன்.”

நான் நன்றி சொல்ல நினைத்தேன். அவர் விட்டுக்கொடுத்ததற்கு முன்னால் அந்தச் சொல் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அவர் என் தோளைத் தட்டிவிட்டுத் தெருமுனையைப் பார்த்து நடந்தார். அந்த நடையில் இத்தனை வருட அலைச்சலும் தெரிந்தது. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

உள்ளே வந்தேன். அம்மா முந்திக்கொண்டாள். “எப்படிடி? ஒருத்தருக்கும் தெரியலல்ல?”

“ஒருத்தருக்கும் தெரியலம்மா.”

“எனக்குத்தான் எங்கே சிரிச்சுடுவேனோன்னு இருந்துச்சு. அந்த ஆபீசருக்கு வீடு பிடிச்சுதாமா?”

“ரொம்பப் பிடிச்சுதாம்.”

“பின்ன? இடுப்பு ஒடிய மெஷினை இழுத்திருக்கேனே.” மெஷினைத் திரும்ப இழுக்கப் படுக்கையறைக்குள் போனவள் நின்றாள். “அப்ப மறுபடியும் வருவாரா?”

“இனிமே வரமாட்டாரும்மா.”

அம்மாவின் முகம் வாடியது. “ஏன்டி? டீ நல்லா இல்லையா?”

“நல்லா இருந்துச்சும்மா” என்றேன். அதற்குள் அழுதுவிட்டேன்.